மாறிலிக்கு ஒரு கோவை

தமிழிலக்கியம் பயில்வார்க்குக் ‘கோவை’ என்னுஞ் சொல் புதிதன்று. அகப்பொருட்டுறைகளை ஓர் ஒழுங்குபடக் கோத்துக் கட்டளைக் கலித்துறை நானூற்றாற் பாடப்படுவது கோவை என்பதைச் சிற்றிலக்கியம் படிக்கும் முதலாண்டு மாணவரும் அறிவர். அதே சொல்லை இரசாயனப் பாடநூலொன்றிற் கண்டபோது எனக்கு உண்டான வியப்பே இக்கட்டுரைக்கு வித்தாகும். ‘பின்வருந் தாக்கங்களுக்குச் சமநிலை மாறிலிக்கான கோவையை எழுதுக’ என்பது உயர்தர வகுப்பு மாணவர்க்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் பயிற்சி. இங்குக் கோவை என்பது எண்களையுங் குறியீடுகளையும் ஒழுங்குபடக் கோத்த கணிதத் தொடர். துறைகளைக் கோப்பதும் கோவை; செறிவுகளைக் கோப்பதும் கோவை. ஒரு சொல் இரண்டு பீடங்களுக்கும் பொதுவாக நிற்பதைக் கண்ட மகிழ்ச்சியில், எனக்கு உரியதன்று என்று பிறர் கருதும் ஒரு பாடத்துள் நான் நுழைந்தேன்.

அப்பாடம் எனக்கு உரியதன்று என்று ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. கொச்சிக்கடையிற் பிறந்து வளர்ந்தவள் நான். நான் கற்ற பாடசாலையிற் கலைப்பிரிவும் வர்த்தகப் பிரிவும் இருந்தன. தமிழ்மொழி மூலமான உயர்தர விஞ்ஞான வகுப்பு இருக்கவில்லை. சாதாரணதரப் பரீட்சையில் விஞ்ஞானத்திற் பெற்ற உயர்ந்த பெறுபேறு சான்றிதழில் ஒரு வரியாக நின்றுவிட, நான் கலைப்பிரிவிற் சேர்ந்தேன். அதனாற் கெட்டுப்போனது ஒன்றுமில்லை. தமிழ் என்னைத் தாங்கிக்கொண்டது. ஆயினும் எனக்குப் பின் பிறந்த தம்பிக்கு வேறொரு பாடசாலையில் விஞ்ஞான வகுப்பு வாய்த்தபோது, அவனுடைய நூல்களை அவனுக்கு முன்னரே விரித்துப் பார்த்தவள் நானே. அவன் பாடசாலை முடிந்து, வெள்ளவத்தையிலுள்ள தனியார் வகுப்புக்குப் பேருந்திற் சென்று, இரவு எட்டரைக்கு மேல் வீடு திரும்புவான். அதன் பின்னர் நாங்கள் இருவரும் ஒரே மேசையில் அமர்வோம். அவன் பக்கத்திற் சமநிலை மாறிலி. என் பக்கத்தில் நன்னூல்.

இந்த இரண்டும் ஒன்றையொன்று அறியாதன அல்ல என்பதே நான் கூறவந்த முதற்செய்தி.

சமநிலை என்னுஞ் சொல்லிலேயே முதலிடறல் இருக்கின்றது. ‘சமம்’ என்றவுடன் இருபுறமும் ஒத்த அளவு என்று மனம் கருதிவிடுகின்றது. வள்ளுவர் நடுவுநிலைமையைச் சொல்லவந்த இடத்தில் துலாக்கோலை உவமையாக்கினார். அக்கோலின் இரு தட்டும் நம் கண்முன்னே வந்து நிற்கின்றன. இரசாயனச் சமநிலை அத்தகையது அன்று. இரு பொருள்கள் தாக்கமுற்று வேறிரு பொருள்களைத் தருகின்றன என்று கொள்வோம். அவ்விளைவுகளும் தமக்குள் தாக்கமுற்று முன்னைய பொருள்களை மீளத் தருகின்றன. முன்னோக்கிய தாக்கம் தொடக்கத்தில் விரைவாகவும், தாக்கிகள் குறையக் குறைய மெதுவாகவும் நிகழ்கின்றது. பின்னோக்கிய தாக்கம் தொடக்கத்தில் இல்லையாகி, விளைவுகள் பெருகப் பெருக விரைவடைகின்றது. ஒரு கட்டத்தில் இரண்டின் வேகமும் ஒன்றாகின்றன. அதுவே சமநிலை. அங்குச் சமமாவன வேகங்கள், அளவுகள் அல்ல.

தம்பிக்கு இது விளங்காமல் இருந்தது. ‘ஒன்றுமே மாறவில்லை என்றால் தாக்கம் நின்றுவிட்டது என்றுதானே பொருள், அக்கா?’ என்று கேட்டான். நான் விடை தேடுமுன் அப்பா குறுக்கிட்டார். அவர் புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடையொன்றிற் கணக்கெழுதுபவர். ‘காலையில் ஐம்பது மூட்டை சீனி இருந்தது. மாலையிலும் ஐம்பது மூட்டை இருக்கிறது. அன்றைக்குக் கடையில் வியாபாரமே நடக்கவில்லை என்று எழுதுவேனா, தம்பி? வந்ததும் இருபது, போனதும் இருபது’ என்றார். இரசாயனம் அறியாத ஒருவர், இயக்கச் சமநிலைக்கு இதைவிடத் தெளிவான உவமை கூறிவிட முடியாது.

எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு காட்சியும் உண்டு. செவ்வாய்க்கிழமைகளிற் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்திற்கு எல்லாச் சமயத்தவரும் வருவர். காலை முதல் மாலைவரை ஆலயம் நிறைந்தே இருக்கும். ஆயின் பத்து மணிக்கு அங்கு நின்றவர்கள் பதினொரு மணிக்கு அங்கு நிற்பவர்கள் அல்லர். வருவோரும் போவோரும் ஒரே விரைவில் அமைவதனாற்றான் கூட்டம் ஒரே அளவாகத் தோன்றுகின்றது. உள்ளே நிற்போர் தொகையும் வெளியே வீதியில் நிற்போர் தொகையும் சமமா என்று எவரும் கேட்பதில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை.

இனிக் கோவைக்கு வருவோம். கோவை எழுதுதற்கு விதிகள் சிலவே. முதலில் தாக்கத்தின் சமன்பாட்டை ஈடுசெய்து எழுதுதல் வேண்டும். பின்னர் விளைவுகளின் செறிவுகளைத் தொகுதியிலும், தாக்கிகளின் செறிவுகளைப் பகுதியிலும் வைத்தல் வேண்டும். சமன்பாட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் நிற்கும் பீசமானக் குணகம், கோவையில் அப்பொருளின் செறிவுக்குச் சுட்டியாக மேலேறும். பொருள்கள் பல இருப்பின் அவற்றின் செறிவுகளைக் கூட்டலாகாது, பெருக்குதல் வேண்டும். தூய திண்மமும் தூய திரவமும் கோவையில் இடம்பெறா. எந்த வெப்பநிலைக்குரியது என்பதைக் கூறாத மாறிலி பொருளற்றது.

இவ்வளவே விதி. இதனை மனனஞ் செய்து பரீட்சையில் எழுதிவிடலாம். பலர் அவ்வாறே செய்கின்றனர். ஆனால் இலக்கணம் பயின்றவர், விதியைக் கண்டவுடன் ‘ஏன்?’ என்று உரையாசிரியரைத் தேடுவர். நானும் தேடினேன்.

ஏன் பெருக்கவேண்டும்? ஒரு வீதியில் இருவேறு ஊரார் நடமாடுகின்றனர் என்க. ஓர் ஊரார் தொகையை இருமடங்காக்கினால், ஓர் ஊரார் மற்றையவரை எதிர்ப்படும் வாய்ப்பு இருமடங்காகும். மற்றையவர் தொகையையும் இருமடங்காக்கினால் அது நான்மடங்காகும். சந்திப்பு என்பது இரு தரப்பாரையும் பெருக்கிவரும் பயன். மூலக்கூறுகளும் சந்தித்தே தாக்கமுறுகின்றன. ஆதலின் செறிவுகள் பெருக்கப்படுகின்றன. ஒரே பொருளின் மூலக்கூறுகள் இரண்டு வேண்டுமாயின் அதன் செறிவு தன்னாலேயே பெருக்கப்பட்டு வர்க்கமாகும். மூன்று வேண்டுமாயின் கனமாகும். மெய்யுலகிலே தாக்கங்கள் பல படிகளாக நிகழ்வதுண்டு. அப்பொழுதும் ஒவ்வொரு படியின் கோவையையும் எழுதிப் பெருக்கினால், இடையிலே தோன்றி மறையும் பொருள்கள் தொகுதியிலும் பகுதியிலுமாக நின்று ஒன்றையொன்று வெட்டிச் செல்ல, முழுத்தாக்கத்தின் கோவையே எஞ்சி நிற்கும்.

திண்மங்கள் ஏன் மறைகின்றன என்பது எனக்கு மிகவும் பிடித்த இடம். தூய திண்மத்தின் செறிவு அதன் அடர்த்தியால் வரையறுக்கப்பட்டது. ஒரு பிடி சுண்ணாம்புக்கல்லாயினும் ஒரு வண்டிச் சுண்ணாம்புக்கல்லாயினும், ஒரு கன சென்ரிமீற்றரில் அடங்கிய பொருளின் அளவு ஒன்றே. மாறாத அவ்வளவை மாறிலிக்குள்ளேயே அடக்கிவிடுகின்றோம். நம் இலக்கணத்தில் இதற்கு ஒப்பானதொன்று உண்டு. ‘பாற்குடம்’ என்று சொல்கின்றோம். ‘பாலை உடைய குடம்’ என்பது பொருள். ‘ஐ’ என்னும் வேற்றுமையுருபும் ‘உடைய’ என்னும் பயனும் அங்கு உடன்தொக்கு நிற்கின்றன. எழுத்தில் அவை இல்லை, பொருளில் இருக்கின்றன. அவற்றை நீக்கிவிட்டாற் குடத்திற்கும் பாலுக்கும் தொடர்பே இல்லை. சுண்ணாம்புச் சூளையிலும் அவ்வாறே. கல்சியம் காபனேற்றுச் சூடேற்றப்படும்போது கல்சியம் ஒட்சைட்டாகவும் காபனீரொட்சைட்டாகவும் பிரிகின்றது. முதலிரண்டும் திண்மங்கள். ஆகவே மூன்று பொருள்கள் பங்குகொள்ளும் அத்தாக்கத்தின் கோவையில் காபனீரொட்சைட்டு வாயுவின் அமுக்கம் ஒன்றே தனித்து நிற்கும். ஏனைய இரண்டும் தொக்கு நிற்கின்றன. அவற்றுள் ஒன்று முற்றாக இல்லாதொழியின் சமநிலையே இல்லை.

இக்கோவை வெறும் ஏட்டுச்சுரைக்காய் அன்று. ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் அவ்வாயுவின் சமநிலை அமுக்கம் ஒரு வளிமண்டலத்தை எட்டுகின்றது. சூளை அவ்வளவு சூடேறவேண்டியதன் காரணம் இதுவே. சூளையின் வாய் திறந்திருத்தலின் வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். வாயு போய்விடுதலின் பின்னோக்கிய தாக்கத்துக்கு வழியில்லை. கல் முழுதும் நீறாகின்றது. மூடிய கலத்திற் சமநிலையாக நிற்பது, திறந்த சூளையில் முற்றுப்பெறுகின்றது. 1950இல் உற்பத்தி தொடங்கி 1990இற் போரினால் நின்றுபோன காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் உலைகளும், தென்மேற்குக் கரையிலே முருகைக்கல்லைச் சுட்ட சிறு சூளைகளும் இந்த ஒரேயொரு கோவைக்குக் கட்டுப்பட்டே எரிந்தன.

அளவுகள் சமமல்ல என்பதை எண்ணாலுங் காட்டலாம். அசற்றிக்கமிலமும் எதனோலும் தாக்கமுற்று ஓர் எசுத்தரையும் நீரையும் தருகின்றன. இதனைப் பிரான்சிய அறிஞர் பேர்த்தலோ தம் உடனாய்வாளருடன் 1862ஆம் ஆண்டளவில் விரிவாக ஆராய்ந்தார். ஒரு மூல் அமிலமும் ஒரு மூல் எதனோலும் கொண்டு தொடங்கினால், எவ்வளவு காலம் காத்திருந்தாலும் மூன்றில் இரண்டு பங்குக்கு அண்மையிலேயே தாக்கம் நின்றுவிடுவதுபோலத் தோன்றும். எசுத்தர் மூன்றில் இரண்டு, நீர் மூன்றில் இரண்டு. அமிலம் மூன்றில் ஒன்று, எதனோல் மூன்றில் ஒன்று. மேலிரண்டையும் பெருக்கினால் ஒன்பதில் நான்கு. கீழிரண்டையும் பெருக்கினால் ஒன்பதில் ஒன்று. வகுத்தால் வருவது நான்கு. வேறெந்த அளவுகளைக்கொண்டு தொடங்கினாலும், விளைவுகளிலிருந்தே தொடங்கினாலும், இறுதியில் அந்நான்கிற்கு அண்மையிலேயே வந்து சேர்வோம். தம்பி இக்கணக்கை மூன்று வெவ்வேறு தொடக்கங்களுடன் செய்து பார்த்தான். மூன்றாம் முறையும் நான்கிலிருந்து தொடங்கி அளவுகளைக் கண்டபோது, ‘இது பிடிவாதக்கார எண், அக்கா’ என்றான்.

பிடிவாதம் என்பது சரியான சொல். மாறு இல்லாதது மாறிலி. பெயரிலி, ஊரிலி என்பனபோல அமைந்த சொல். ஆயின் அப்பிடிவாதமும் ஓரெல்லைக்கு உட்பட்டது. செறிவை மாற்றினாலோ, அமுக்கத்தை மாற்றினாலோ, ஊக்கியை இட்டாலோ மாறிலி அசையாது. வெப்பநிலையை மாற்றினால் அதுவும் மாறிவிடும். வெப்பத்தை வெளிவிடும் தாக்கமாயின் சூடேற மாறிலி சிறுக்கும். வெப்பத்தை உறிஞ்சுந் தாக்கமாயின் சூடேற அது பெருக்கும்.

இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு அமோனியா. ஒரு பங்கு நைதரசனும் மூன்று பங்கு ஐதரசனும் சேர்ந்து இரு பங்கு அமோனியாவைத் தரும். அமோனியாவின் பகுதியமுக்கத்தின் வர்க்கத்தை, நைதரசனின் பகுதியமுக்கமும் ஐதரசனின் பகுதியமுக்கத்தின் கனமும் பெருக்கிவந்த தொகையால் வகுத்தால் வருவது அதன் மாறிலி. 25 பாகை செல்சியசில் இம்மாறிலி, அமுக்கத்தை வளிமண்டலத்தில் அளக்குமிடத்து, சில இலட்சங்களாகும். அவ்வெண்ணைப் பார்த்தால் வளிமண்டலத்து நைதரசன் முழுவதையும் அமோனியாவாக்கிவிடலாம்போலத் தோன்றும். ஆனால் அவ்வெப்பநிலையில் தாக்கம் நிகழும் வேகம் ஏறக்குறைய இல்லை. விரைவுக்காக 400 பாகைக்குச் சூடேற்றினால் மாறிலி பத்தாயிரத்தில் ஒன்றரைக் கூற்றளவுக்குச் சிறுத்துவிடுகின்றது. விரைவு வேண்டின் விளைவு குறையும். விளைவு வேண்டின் காலம் போதாது. இவ்விரண்டுக்கும் இடையில் வழிகண்டவர் ஜேர்மனிய அறிஞர் ஏபர். இருநூறு வளிமண்டலமளவு அமுக்கம், தக்கதோர் ஊக்கி, விளைந்த அமோனியாவை உடனுடன் குளிரச்செய்து பிரித்தெடுத்தல், எஞ்சிய வாயுக்களை மீளவும் சுழலவிடுதல் என்பன அவ்வழி. பொஷ் என்பவர் அதனைப் பெருந்தொழிலாக்க, 1913இல் ஜேர்மனியின் ஒப்பாவில் முதலாவது ஆலை இயங்கத் தொடங்கிற்று. கோவையின் பகுதியில் நிற்கும் அந்தக் ‘கனம்’ என்ற சிறு சுட்டியே, அமுக்கத்தைக் கூட்டினால் விளைவு கூடும் என்பதை முன்கூட்டிச் சொன்ன சாட்சி.

நம் நாட்டிலும் சப்புகஸ்கந்தவில் யூரியா ஆலையொன்று 1980களிற் சில ஆண்டுகள் இயங்கிப் பின்னர் மூடப்பட்டது. அதன் பின்னர் நம் வயல்களுக்கு வேண்டிய நைதரசன் உரம் கப்பலில் வந்து இறங்குவதாயிற்று. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு முடியுமுன்னரே அத்தடை தளர்த்தப்பட்டதை யாவரும் அறிவர். அடுத்து வந்த போகத்தில் நெல் விளைச்சல் வீழ்ந்ததையும், அப்பாவின் கடையில் அரிசி விலை எழுதிய பலகை கிழமைக்குக் கிழமை அழித்தெழுதப்பட்டதையும் நான் மறக்கவில்லை. ஒரு கோவையின் சுட்டி நம் சோற்றுக்கோப்பைவரை வந்து சேர்கின்றது. இதனை அறியாமல் ஒருவர் உரத்தைப் போற்றவும் முடியும், தூற்றவும் முடியும், தீர்மானிக்க முடியாது.

இனி, இவ்விதி பிறந்த கதையைக் கூறவேண்டும். தமிழ்ச்சங்க மலரொன்றில் இப்பொருளை எழுத நான் துணிந்தமைக்கு அக்கதையே காரணம்.

தாக்கம் எத்திசையிற் செல்லும் என்பதைப் பொருள்களின் இயல்பான நாட்டமே தீர்மானிக்கின்றது என்று பதினெட்டாம் நூற்றாண்டினர் கருதினர். 1798இல் நெப்போலியனுடன் எகிப்துக்குச் சென்ற பேர்த்தொலே என்னும் அறிஞர் (முற்கூறிய பேர்த்தலோ வேறு, இவர் வேறு) அங்குள்ள உப்பேரிகளின் கரையிற் சோடியம் காபனேற்றுப் படிந்திருப்பதைக் கண்டார். ஆய்வுகூடத்தில் நிகழும் தாக்கத்துக்கு அது நேர்மாறானது. கறியுப்பின் மிகுதியும் சுண்ணாம்புக்கல்லின் மிகுதியும் சேர்ந்து தாக்கத்தைப் பின்னோக்கித் தள்ளுகின்றன என அவர் உணர்ந்தார். இயல்பு மட்டுமன்றி அளவும் திசையைத் தீர்மானிக்கும் என்னும் எண்ணம் அங்கே முளைகொண்டது.

அதற்குக் கணித வடிவம் தந்தோர் நோர்வே நாட்டவராகிய குல்ட்பேர்க், வாகே என்னும் இருவர். ஒருவர் கணிதத்தில் வல்லவர்; மற்றவர் இரசாயனர்; மைத்துன உறவினர். 1864ஆம் ஆண்டு தம் தலைநகரின் அறிஞர் கழகத்தில் தம் விதியை அவர்கள் நோர்வே மொழியில் அறிவித்தனர். உலகம் அதனைக் கண்டுகொள்ளவில்லை. 1867இற் பிரான்சிய மொழியில் விரித்தெழுதினர். அப்பொழுதும் போதிய கவனம் கிடைக்கவில்லை. 1877இல் ஒல்லாந்து அறிஞர் வன்ற் ஹொவ், இவர்களது ஆய்வை அறியாமலே இதனையொத்த முடிவுக்கு வந்தார். அதன்பின் 1879இல் இருவரும் தம் கருத்தை ஜேர்மன் மொழியில் மீள எழுதினர். சமன்பாட்டின் குணகங்களே சுட்டிகளாக நிற்கும் பொதுவடிவம் அங்கே தெளிவுபெற்றது. பதினைந்து ஆண்டுகள், மூன்று மொழிகள். பின்னரே அவ்விதி உலகின் சொத்தாயிற்று. இன்று நாம் சமன்பாட்டின் நடுவே இடும் எதிரெதிரான இரட்டை அம்புக்குறி, 1884இல் வன்ற் ஹொவ் எழுதிய நூலினால் வழக்கிற்கு வந்தது.

இக்கதையை இருவேறு வகையாகப் படிக்கலாம். ‘சிறுமொழியில் எழுதியதனால் அவர்கள் பதினைந்து ஆண்டுகளை இழந்தனர்; ஆதலின் விஞ்ஞானம் பெருமொழிக்கே உரியது’ என்பது ஒருவகை. நம்மிடையே பலர் இவ்வாறே படிப்பர். என் வாசிப்பு வேறு. மிகச் சிலரே பேசும் ஒரு மொழியில் அவ்விதியைச் சிந்திக்கவும், சொல்லவும், எழுதவும் இயன்றது. அம்மொழி அதனைத் தாங்கிற்று. இல்லாதிருந்தது பாலம், அப்பாலத்தையும் அவர்களே கட்டினர்.

நமக்குப் பாலம் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியராயிருந்த சாமுவேல் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கியும் தமிழாக்குவித்தும் வெளியிட்டார். 1875இல் அவர் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் வெளிவந்தது. அவ்வாண்டை உற்றுநோக்குக. குல்ட்பேர்க்கும் வாகேயும் தம் விதியை ஜேர்மன் மொழியில் எழுதுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே தமிழில் ஓர் இரசாயன நூல் இருந்தது. 1916இல் சேலத்தில் இராஜாஜியும் நண்பரும் தமிழில் விஞ்ஞானச் சொற்களை ஆக்குதற்கென ஒரு சங்கமும் இதழும் கண்டனர். ஈழத்திலே தாய்மொழிக் கல்வி மேல்வகுப்புகளுக்கு ஏறியபோது, அரசகரும மொழித் திணைக்களத்தின் கலைச்சொற்றொகுதிகள் எழுந்தன. தாக்கம், தாக்கி, விளைவு, ஊக்கி, செறிவு, பீசமானம், மாறிலி, கோவை என்று தம்பியின் நூலில் நான் காணும் சொற்கள் யாவும் அவ்வழியே வந்தவை. தமிழகத்தார் ‘வினை’ என்பதை நாம் ‘தாக்கம்’ என்கின்றோம். அவர்கள் ‘ஹைட்ரஜன்’ என்பதை நாம் ‘ஐதரசன்’ என்கின்றோம். சமநிலையும் மாறிலியும் இருகரைக்கும் பொதுவாக நிற்கின்றன.

இத்துணை உழைப்பின் மேல் நின்றே தம்பி கோவை எழுதப் பழகினான். இப்பொழுது பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கின்றான். பல்கலைக்கழகம் கிடைத்தால் என்ன செய்வது என்பதே இப்பொழுது எங்கள் வீட்டுப் பேச்சு. கலைப்பீடத்தின் கதவு 1960ஆம் ஆண்டளவிலே தாய்மொழியில் திறந்தது. நான் அதன் வழியே வந்தவள். விஞ்ஞான, மருத்துவ, பொறியியற் பீடங்களின் விரிவுரைகள் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. பதின்மூன்று ஆண்டுகள் தமிழிற் சிந்தித்தவன் பதினான்காம் ஆண்டு முதல் நாளில் அச்சொற்கள் யாவற்றையும் வாயிலிற் கழற்றிவைத்துவிட்டு உள்ளே போகவேண்டும். ‘எனக்குத் தெரிந்ததெல்லாம் தெரியாததாகிவிடுமோ, அக்கா?’ என்று ஒருநாள் கேட்டான். கணக்கிலே கெட்டிக்காரனாகிய அவன் தனியார் நிறுவனம் ஒன்றிற் கணக்கியல் படிக்கலாமா என்று யோசிப்பது ஆசையினால் அன்று, அச்சத்தினால். கொச்சிக்கடையிலும் கொட்டாஞ்சேனையிலும் இவ்வச்சத்தினால் வழிமாறிய பிள்ளைகள் சிலரை நான் அறிவேன்.

அவனுக்கு நான் கூறிய விடை இதுதான்: சொல் மாறும், கோவை மாறாது. தொகுதியில் விளைவும் பகுதியில் தாக்கியும் நிற்பது எம்மொழியிலும் ஒன்றே. ஏன் பெருக்குகின்றோம், ஏன் திண்மம் தொக்கு நிற்கின்றது என்பதைத் தமிழில் விளங்கிக்கொண்டவனுக்கு ஆங்கிலத்திற் கற்கவேண்டுவன சில நூறு சொற்களே. தமிழில் விளங்காமல் மனனஞ் செய்தவனுக்கே இருமொழியும் இருள். தாய்மொழியிற் பெற்ற விளக்கம் கழற்றிவைக்கும் செருப்பன்று, உடன்வரும் கால்.

ஆனால் விடையை அவனோடு முடித்துவிட முடியாது. இரட்டை அம்புக்குறியை நினைத்துப் பார்க்கின்றேன். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு இரசாயனம் வந்துகொண்டிருக்கின்றது. தமிழிற் கற்று ஆங்கிலத்துக்குச் சென்றவர்கள், தாம் அங்குப் பெற்றதைத் தமிழுக்கு மீளக் கொணர்வது அருமையாகவே நிகழ்கின்றது. வாயு வெளியேறிவிடும் திறந்த சூளையாகவே நம் கல்வி அமைந்துள்ளது. சென்றவர் செல்லட்டும், அவர்கள் செல்லவே வேண்டும். அவர்களில் ஒருசிலரேனும் மீண்டு எழுதினாற்றான் இங்குச் சமநிலை என்று ஒன்றைப்பற்றிப் பேசலாம். இருபக்கமும் ஒத்த அளவு வேண்டும் என்பது என் வேண்டுகோளன்று. அதனை இரசாயனமே வேண்டவில்லை. பின்னோக்கிய தாக்கம் என்று ஒன்று நிகழவேண்டும் என்பதே வேண்டுகோள்.

இதில் இச்சங்கம் செய்யக்கூடியது உண்டு. நம் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி மூலம் பயின்று விஞ்ஞானபீடத்துள் நுழையும் மாணவர் ஒவ்வோராண்டும் இருக்கின்றனர். சங்கக் கூட்டங்களில் அவர்களை நாம் நாடகத்துக்கும் பட்டிமன்றத்துக்கும் அழைக்கின்றோம். அவர்களை ஆண்டுக்கு ஒரு கட்டுரையேனும் தம் துறைபற்றித் தமிழில் எழுதுமாறு அழைப்போம். புதிதாக நுழைவோர்க்கென முதலாண்டுப் பாடச்சொற்களை இருமொழியிலும் அடுக்கிய சிறுகையேடு ஒன்றை ஆக்குவோம். சொல்லை ஆராயும் பயிற்சி கலைப்பீடத்தாராகிய எம்மிடம் உண்டு. பொருள் அவர்களிடம் உண்டு. இரு தரப்பாரும் சந்திக்கும் வாய்ப்பு இரு தொகையையும் பெருக்கிவருவது என்பதை மேலே கண்டோம். ஒரு தரப்புச் சுழியமாயின் பெருக்கமும் சுழியமே.

தம்பியின் பெறுபேறு வரும் மாதத்தில் வெளியாகும் என்கின்றனர். விண்ணப்பப் படிவத்தில் அவன் எத்துறையை முதலில் எழுதுவான் என்று எனக்குத் தெரியாது. அது அவன் தீர்மானம். எத்துறையை எழுதினாலும், மொழிக்கு அஞ்சி எழுதினான் என்னும் நிலை வரலாகாது. அவன் அச்சத்தை நீக்க ஓர் அக்காவால் இயன்றது, ஒரு மேசையில் எதிரெதிரே அமர்ந்து படித்தது. ஏனைய வீடுகளில் அவ்வாறு அமர ஒருவர் இல்லாத பிள்ளைகளுக்கு நம் எழுத்தே எதிரே அமரவேண்டும்.